ஒன்றரை அடி உயரம்



இன்றைய பேச்சு ரயில் நிலையத்தைப் பற்றியது. அதிலும் பிளாட்பாரத்தைப் பற்றியது. பிளாட்பாரத்துக்கு நடைமேடை என்று தமிழில் பெயர். நடப்பதற்கான மேடை என்று பொருள். நடக்க முடியாதவர் அந்த மேடையில் என்ன செய்வார்? கண் தெரியாதவர் மேடையின் ஓரத்தை எப்படி அறிவார்? காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? இவைதான் இன்றைய கேள்விகள்.

தம்பானூர் நிலையம்

திருவனந்தபுரம் நகரத்தின் நடுவே தம்பானூர் இருக்கிறது. அங்கே உள்ளது திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம். கொல்லத்திலிருந்து வந்த ரயில் பாதை 1918-இல் நகரத்தின் ஓரம் வரை வந்து நின்றது. 1931-இல் அது தம்பானூர் வரை நீண்டது. அப்போது ஓடியவை மீட்டர் கேஜ் வண்டிகள். 1970-களில் அகலப் பாதை வந்தது. 1979-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது.

இன்று இந்த நிலையத்தில் 5 பிளாட்பாரங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் தம்பானூர் பஸ் நிலையம். மறுபக்கம் பவர் ஹவுஸ் ரோடு. அதற்கு அப்பால் சாலை பஜார்.

இந்த நிலையத்துக்கு யார் யார் வருகிறார்கள்? வேலைக்கு வருபவர்கள் உண்டு. படிக்க வருபவர்கள் உண்டு. வைத்தியத்துக்கு வருபவர்களும் நிறைய உண்டு. இந்த ஊரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இருதயத்துக்கும் நரம்புக்கும் வைத்தியம் செய்யும் ஸ்ரீசித்திரா மருத்துவமனை இருக்கிறது. ஆர்.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் புற்றுநோய் மருத்துவமனை 1981 முதல் இருக்கிறது. குழித்துறை, நாகர்கோவில், திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து தமிழ் மக்கள் இங்கே ரயிலில் வருகிறார்கள்.

வழுதக்காட்டில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி நடக்கிறது. ஆக்குளத்தில் காது கேளாதவர்களுக்கும் பேச இயலாதவர்களுக்கும் 'நிஷ்' என்ற பெரிய கல்வி நிலையம் இருக்கிறது. அது 1997-இல் தொடங்கியது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் ஊருக்குப் போக ரயில் ஏற வேண்டும்.

ஆகவே, பிளாட்பாரம் எப்படி இருக்கிறது என்பது இந்த ஊரில் மிக முக்கியமான விஷயம்.

யாருக்கு இந்த வசதி?

முன்பெல்லாம் ஊனமுற்றோர் என்று சொன்னார்கள். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்று சொல்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் சிரமப்படுபவர்கள் அவர்கள் மட்டும்தானா? இல்லை. முழங்கால் வலியுள்ள பாட்டிக்குச் சிரமம். நிறைமாதக் கர்ப்பிணிக்குச் சிரமம். கைக்குழந்தையும் பையும் வைத்திருக்கும் தாய்க்குச் சிரமம். கால் முறிந்து கட்டுப் போட்டவருக்குச் சிரமம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புபவருக்குச் சிரமம். இன்று நன்றாக ஓடியாடுகிறவருக்கும் ஒரு நாள் வயதாகும். மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி கட்டிய பிளாட்பாரம் இவர்கள் எல்லோருக்கும் உதவும்.

வாசலிலிருந்து இருக்கை வரை

ரயில் பயணம் பெட்டிக்குள் தொடங்குவதில்லை. ஆட்டோவை விட்டு இறங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நிலைய வாசல், டிக்கெட் கவுண்டர், மேம்பாலம், பிளாட்பாரம், பெட்டியின் கதவு, கடைசியில் இருக்கை. இது ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி உதவாது. வாசலில் அழகான சாய்தளம் இருக்கலாம். பிளாட்பாரத்துக்குப் போகப் படிக்கட்டு மட்டுமே இருந்தால் அந்தச் சாய்தளத்தால் என்ன பயன்?

ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

வாசலில் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். அது செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்போதுதான் சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏற முடியும். இரு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். மழையில் வழுக்காத தரை வேண்டும்.

டிக்கெட் கவுண்டர் ஒன்றாவது தாழ்வாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். குடிநீர்க் குழாயும் கைக்கு எட்ட வேண்டும். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அளவு அகலமாக இருக்க வேண்டும்.

மேம்பாலத்தின் கணக்கு

முதல் பிளாட்பாரத்தில் வண்டி வந்தால் கவலை இல்லை. மூன்றாவது பிளாட்பாரத்தில் வந்தால்? மேம்பாலம் ஏற வேண்டும்.

இந்தப் பாலம் ஏன் இவ்வளவு உயரம்? தண்டவாளத்துக்கு மேலே மின்சாரக் கம்பி ஓடுகிறது. அதில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அந்தக் கம்பிக்கும் மேலே பாலம் போக வேண்டும். ஆகவே தண்டவாளத்திலிருந்து 20 அடிக்கு மேல் உயரம் தேவை. படிக்கட்டில் ஏறினால் ஏறத்தாழ 40 படிகள். மறுபக்கம் இறங்கவும் அதே அளவு படிகள்.

படிக்குப் பதில் சாய்தளம் கட்டலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கு 12 அடி என்றால் 20 அடிக்கு 240 அடி. நடுவில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு நாற்காலியைத் தள்ளுவது கடினம். ஆகவே லிஃப்ட்தான் நல்ல வழி. லிஃப்ட் வைத்தால் மட்டும் போதாது. வண்டி வரும் நேரமெல்லாம் அது ஓட வேண்டும். பழுதானால் உடனே சரி செய்ய வேண்டும்.

லிஃப்ட் இல்லாத நிலையத்தில் என்ன நடக்கிறது? சிலர் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். ஆனால், முழங்கால் வலிக்காரரைப் பார்த்து "பாலத்தில் ஏறு" என்று சொல்வது மட்டும் தீர்வு ஆகாது. அவர் ஏறக்கூடிய வழி இருக்க வேண்டும்.

மஞ்சள் கட்டை சொல்லும் செய்தி

பல பிளாட்பாரங்களின் தரையில் மஞ்சள் நிறக் கட்டைகள் பதித்திருக்கிறார்கள். சிலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். அது அழகுக்கு அல்ல. அது பாதத்தால் படிக்கும் எழுத்து.

ஜப்பான் நாட்டில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-இல் இதைக் கண்டுபிடித்தார். 1967-இல் ஒகயாமா என்ற ஊரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவியது.

இந்த எழுத்துகள் இரண்டே இரண்டுதான். நீளமான கோடுகள் இருந்தால் "இந்த வழியே போ" என்று பொருள். வட்டப் புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று பொருள். படிக்கட்டின் தொடக்கத்தில் புள்ளிகள் இருக்கும். பிளாட்பாரத்தின் ஓரத்திலும் புள்ளிகள் இருக்கும். கண் தெரியாதவர் காலாலும் கைத்தடியாலும் அதை உணர்ந்து நின்றுவிடுவார். ஓரளவு பார்வை உள்ளவருக்கு மஞ்சள் நிறம் உதவும்.

இப்போது யோசியுங்கள். அந்த மஞ்சள் வரிசையின் மேல் ஒருவர் மூட்டையை வைக்கிறார். இன்னொருவர் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்கிறார். ஒரு தள்ளுவண்டி அங்கேயே நிற்கிறது. கண் தெரியாதவர் என்ன செய்வார்? சுற்றிக்கொண்டு போவார். எந்தப் பக்கம் சுற்றுவார்? தண்டவாளத்தின் பக்கம் சுற்றினால் விழுந்துவிடுவார். ஒரு மூட்டை ஓர் உயிரைப் பறிக்கக்கூடும். மஞ்சள் கட்டையின் மேல் எதையும் வைக்காதீர்கள். வைத்தவரிடம் அன்பாகச் சொல்லி எடுக்கச் செய்யுங்கள்.

காது கேளாதவருக்கு வேறு ஒரு கஷ்டம். "வண்டி இரண்டாவது பிளாட்பாரத்துக்கு மாற்றப்பட்டது" என்று கடைசி நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். எல்லோரும் ஓடுகிறார்கள். அவருக்கு மட்டும் ஏன் என்று தெரியாது. ஆகவே, ஒலிபெருக்கியில் சொல்வதை எழுத்துப் பலகையிலும் உடனே காட்ட வேண்டும். அதைக் கேரளத்தின் தென்கோடியில் மலையாளம், தமிழ் இரண்டிலும் காட்டினால் இன்னும் நல்லது.

கடைசி ஒன்றரை அடி

வாசல் தாண்டியாயிற்று. மேம்பாலம் தாண்டியாயிற்று. பிளாட்பாரத்துக்கு வந்தாயிற்று. வண்டியும் வந்து நின்றது. இனிதான் பெரிய தடை.

ரயில் பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து சுமார் நாலேகால் அடி உயரத்தில் இருக்கிறது. ரயில்வே கட்டும் உயரமான பிளாட்பாரம் 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். அதாவது அதிகம் போனால் இரண்டே முக்கால் அடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை அடி.

இது பெரிய நிலையத்தின் கணக்கு. நடுத்தர உயரமுள்ள பிளாட்பாரம் ஒன்றரை அடி உயரம்தான். அங்கே வித்தியாசம் இரண்டே முக்கால் அடி. சில சிறிய நிலையங்களில் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலேயே இருக்கும். அங்கே நல்ல வாலிபர்கூடக் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும்.

ஏறவும் இறங்கவும் எவ்வளவு நேரம்? சிறிய நிலையங்களில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம். வண்டியின் நீளமோ அரை கிலோமீட்டருக்கு மேல். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் வண்டியின் முனையில் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். அவசரத்தில் கால் தவறினால் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே விழ நேரிடும். வளைவான இடத்தில் கட்டிய பிளாட்பாரம் என்றால் அந்த இடைவெளி இன்னும் அகலம்.

ஏன் உயர்த்தக் கூடாது?

பிளாட்பாரத்தை இன்னும் ஒன்றரை அடி உயர்த்தினால் போதாதா? நல்ல கேள்வி. கொச்சி மெட்ரோவில் அப்படித்தான் இருக்கிறது. 2017 ஜூன் மாதம் அது ஓடத் தொடங்கியது. அங்கே பெட்டியின் தரையும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியை யாரும் தூக்க வேண்டியதில்லை. உருட்டிக்கொண்டே உள்ளே போகலாம். சென்னை மெட்ரோவிலும் அப்படித்தான்.

ஆனால் மெட்ரோ பாதையில் ஒரே மாதிரி வண்டிகள் மட்டும் ஓடும். தம்பானூர் போன்ற நிலையத்தின் வழியே பலவிதமான வண்டிகள் போகின்றன. சரக்கு ரயில் போகிறது. அகலமான இயந்திரங்களை ஏற்றிய வண்டியும் சில சமயம் போகிறது. பிளாட்பாரத்தை உயர்த்தினால் அவை உரசும் என்று பொறியாளர்கள் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம்தான்.

ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட முடியாது. மும்பையைப் பாருங்கள். 2014 ஜனவரியில் காட்கோபர் நிலையத்தில் 16 வயது மாணவி ஒருத்தி பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே விழுந்தாள். இரண்டு கைகளையும் இழந்தாள். நாடே பதறியது. நீதிமன்றம் தலையிட்டது. பிறகு மும்பை புறநகர் நிலையங்களில் பிளாட்பாரத்தை 90 சென்டிமீட்டர் வரை உயர்த்தினார்கள். மனம் வைத்தால் வழி பிறக்கிறது.

பெட்டியையும் மாற்றலாம். 2023 ஏப்ரலில் கேரளத்தில் வந்தே பாரத் வண்டி ஓடத் தொடங்கியது. அதில் கதவு திறக்கும்போது ஒரு படி தானாக வெளியே நீளும். இடைவெளியில் கால் விழாது. உயரத் தடை மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தூக்கி ஏற்றுவது உதவியா?

உயரம் இப்படி இருக்கும்போது சக்கர நாற்காலிக்காரர் எப்படி ஏறுகிறார்? பெரும்பாலும் யாராவது தூக்குகிறார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார். ஒருவர் காலைப் பிடிப்பார். மூட்டை போல உள்ளே ஏற்றுவார்கள். தூக்குபவர் மனத்தில் இரக்கம் இருக்கலாம். தூக்கப்படுபவர் மனத்தில் என்ன இருக்கும்?

விராலி மோடி என்ற இளம்பெண் அதை வெளியே சொன்னார். அவர் மும்பையைச் சேர்ந்தவர். சக்கர நாற்காலியில் வாழ்பவர். ரயிலில் ஏற்றுவதற்காகச் சுமை தூக்குபவர்கள் அவரைத் தூக்கினார்கள். அப்போது தகாத முறையில் தொட்டார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை இப்படி நடந்தது. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. இணையம் வழியாக மனு எழுதினார். ஏராளமானோர் அதில் கையெழுத்திட்டார்கள்.

அதற்குப் பதில் முதலில் கேரளத்திலிருந்து வந்தது. 2017-இல் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்த எர்ணாகுளம் சந்திப்பில் புதிய ஏற்பாடு செய்தார்கள். என்ன ஏற்பாடு? கையில் எடுத்துச் செல்லக்கூடிய சாய்தளம். அதைப் பெட்டியின் வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே பாலம் போல வைப்பார்கள். கூடவே ஒடுக்கமான மடக்கு நாற்காலி. சாதாரணச் சக்கர நாற்காலி பெட்டியின் உள்ளே இருக்கும் குறுகிய நடைபாதையில் போகாது. இந்த நாற்காலி போகும். பிறகு வேறு நிலையங்களுக்கும் இந்த ஏற்பாடு பரவியது.

இதற்கு மலைபோலப் பணம் செலவாகவில்லை. பாதையை உடைக்கவில்லை. புதிய பெட்டி வாங்கவில்லை. யாரும் யாருடைய உடம்பையும் தொடாமல் ஏற வழி கிடைத்தது.

இதிலும் குறை உண்டு. ஒன்றரை அடி உயரத்துக்கு முறையான சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். எடுத்துச் செல்லும் சாய்தளம் அதைவிடக் குட்டை. ஆகவே ஏற்றம் அதிகம். பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். சாய்தளம் எங்கோ ஓர் அறையில் பூட்டிக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை. வண்டி வருவதற்கு முன்பே அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். பயணி இறங்கும் நிலையத்திலும் அது வேண்டும். ஏற முடிந்து இறங்க முடியாவிட்டால் அது பயணமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1995-இல் ஊனமுற்றோருக்காக ஒரு சட்டம் வந்தது. ரயில் பெட்டியையும் கழிப்பறையையும் காத்திருக்கும் அறையையும் அவர்களுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அதனால் பல வேலைகள் தள்ளிப் போயின.

2016-இல் புதிய சட்டம் வந்தது. அது 21 வகை மாற்றுத்திறனாளிகளை ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்தும் இடம், கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் எல்லாம் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சொன்னது.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். பொது இடங்களுக்கு எல்லோரும் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்று சொன்னது. இந்த வசதிகளுக்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இன்னொரு வழக்கு இந்த மாவட்டத்திலேயே நடந்தது. 1996 மே மாதம் வர்க்கலை நிலையத்தில் ரயில் ஏற முயன்ற ஒரு பெண் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டார்கள். ஏறும்போது விழுந்ததை ரயிலிலிருந்து விழுந்ததாகக் கொள்ள முடியுமா என்று வாதம் நடந்தது. கொள்ளலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய இடமும் ரயில்வேயின் பொறுப்புதான் என்பது அதனால் தெளிவாயிற்று.

நீங்கள் என்ன செய்யலாம்?

சக்கர நாற்காலியும் சாய்தளமும் வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது பிச்சை அல்ல, உரிமை. உதவிக்கும் புகாருக்கும் 139 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

லிஃப்ட் ஓடவில்லையா? மஞ்சள் கட்டை உடைந்திருக்கிறதா? புகார் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். நாள், நேரம், பிளாட்பாரம் எண் மூன்றையும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் பலம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் மற்றவர்கள் ஏறக் கூடாது. கூட்டம் அதிகம் என்று காரணம் சொல்லக் கூடாது. ஒதுக்கிய பெட்டியில் ஏறுவது சட்டப்படி குற்றம். அபராதம் உண்டு.

கண் தெரியாதவருக்கு உதவ நினைத்தால் முதலில் கேளுங்கள். "உதவி வேண்டுமா?" என்று கேட்டால் போதும். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் ஓரடி முன்னால் நடங்கள். படி வந்தால் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஒரு முழக்கோலோ டேப்போ எடுத்துச் செல்லுங்கள். வாசல் படியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். மேம்பாலத்தில் எத்தனை படி என்று எண்ணுங்கள். தாழ்வான கவுண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி வந்து நிற்கும்போது பெட்டியின் வாசல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணால் கவனியுங்கள். வண்டியின் அருகே போய் அளக்க வேண்டாம். பார்த்ததை அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பிறகு ரயில்வேக்கு அனுப்ப ஒரு மனு தயார் செய்யுங்கள்.

மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றியது இந்த நாடு. புகை வண்டியை மின்சார வண்டியாக மாற்றியதும் இந்த நாடுதான். இந்த ஒன்றரை அடியையும் மாற்ற முடியும். அதுவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.